நான்கு குழாயிலும் ஒரே மட்டம்

டீயை ஊற்றிவிட்டு, தம்ளரின் மட்டத்துக்குக் குனிந்து கண்ணை வைத்துப் பார்க்கிற ஒரு மனுஷியை எனக்குத் தெரியும். கண்ணாடித் தம்ளர்களைத் தோளோடு தோள் ஒட்டினாற்போல நெருக்கி வைப்பார். தூக்குவாளியிலிருந்து ஊற்றுவார். பிறகு கன்னம் மேஜையில் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஒன்றில் நூலளவு கூடியிருந்தால் அதிலிருந்து அடுத்ததற்குச் சாய்ப்பார். மறுபடியும் குனிவார். அதற்குள் டீ ஆறிப் பச்சைத்தண்ணியாகிவிடும். "அக்கா, ஒரு மடக்கு கொறஞ்சா நான் என்ன கோர்ட்டுக்கா போகப்போறேன்?" என்று கத்துவேன். "நின்னுக்கிட்டு பாத்தா கண்ணு பொய் சொல்லும் தம்பி. மட்டத்துக்கு நேரா கண்ணு வரணும்" என்பார். சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார்.

கரமனை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து சரிந்து இறங்கும் ஒரு சந்தில் அவருடைய பம்பு ரூம் இருந்தது. பம்பு என்றதும் டீசல் ஊற்றுகிற பங்க் என்று நினைத்துவிடாதீர்கள். என் மாமனார் அப்படித்தான் நினைத்து, கேனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். இது வண்டி இஞ்சினின் இடுப்பில் உட்கார்ந்திருக்கும் பம்பு. டாங்கியிலிருந்து வருகிற டீசலை அளந்து, அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்புவது அதன் வேலை. அது கெட்டுப்போனால் கழற்றி எடுத்துக்கொண்டு அக்காவிடம் வருவோம். எங்களுக்கெல்லாம் அவர் பம்பு அக்கா. மலையாளத்து டிரைவர்களுக்குப் பம்பு சேச்சி. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். சொல்லி என்ன ஆகப்போகிறது? போன மழைக்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆரியசாலை மண்டியிலிருந்து வற்றல், மல்லி, புளி ஏற்றிக்கொண்டு நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடி எஸ்டேட் கடைகள் வரை போட்டுவிட்டு வருகிற டெம்போக்காரன். சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். எனக்கு வாய் நிற்காது. அக்கா நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி இந்த மலையாளத்து ஊருக்கு வந்தவர். பம்பு ரூமை ஆரம்பித்தது அவருடைய வீட்டுக்காரர். அந்த மனுஷனுக்குப் பார்வை மட்டு. அதனால் குழாய்களின் அளவைப் படித்துச் சொல்ல மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். பையன்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிற வயதில் நெஞ்சுவலி வந்து அவர் போய்விட்டார். மிஷினை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்திருந்தபோது, காரியம் முடிந்த கையோடு அக்கா ஷட்டரைத் தூக்கிவிட்டார்.

அந்தக் குழாய்களைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. பம்புக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு சின்ன உலக்கைகள் இருக்கும். கீழே ஒரு தண்டு சுற்றச் சுற்ற, ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது மேலே எழும்பி டீசலை இடிக்கும். அந்த இடியின் வேகத்தில் டீசல் இரும்புக் குழாய் வழியே போய், நாசிலில் இருக்கும் ஊசித் துளைகளின் வழியே பனிமூட்டம் மாதிரி சிலிண்டருக்குள் பாயும். பாய்ந்த உடனே பற்றிக்கொள்ளும். தீப்பொறி எதுவும் வேண்டாம், உள்ளே அழுந்திக் கிடக்கும் காற்றின் சூடே போதும். ஆக்சிலேட்டரை மிதித்தால் நான்கு உலக்கைகளும் சேர்ந்து கொஞ்சம் திரும்பிக்கொண்டு கூடுதலாகக் கொடுக்கும், காலை எடுத்தால் குறைத்துக் கொடுக்கும். நான்கும் ஒரே அளவு கொடுக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் வண்டி உதறும், கரும்புகை தள்ளும், கடைசியில் இஞ்சினே போய்விடும்.

அந்த அளவைப் பார்க்கத்தான் அக்காவின் மிஷின். பம்பை அதில் மாட்டி, மோட்டார் போட்டுச் சுற்றவிட்டால், நான்கு நாசிலிலிருந்தும் எண்ணெய் நான்கு கண்ணாடிக் குழாய்களில் வந்து விழும். குழாய்களில் கோடு போட்டிருக்கும். அக்கா மோட்டாரை நிறுத்துவார். நுரை அடங்குகிறவரை காத்திருப்பார். பிறகு குனிவார். கூடிக் குறைந்திருந்தால் பம்பின் பக்கத்து மூடியைத் திறந்து, ஒரு சின்ன திருகைத் தளர்த்தி, மயிரிழை திருப்பி, முறுக்கிவிட்டு மறுபடியும் சுற்றவிடுவார். நான்கு குழாயிலும் ஒரே மட்டம் நிற்கிறவரை விடமாட்டார். நின்றதும் ஒரு பெருமூச்சு விடுவார். ஈயக் குண்டு வைத்து சீல் அடிப்பார்.

என் டெம்போவில் மூன்றாவது சிலிண்டர் கொஞ்சம் தளர்ந்து போயிருந்தது. பொன்முடி வளைவுகளில் ஏற்றம் ஏறும்போது மூச்சு வாங்கும். "அக்கா, அந்த மூணாவதுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி வெச்சுத் தாங்க. பாவம், அது ஏறவே மாட்டேங்குது" என்றேன்.

"முடியாது."

"நோஞ்சானுக்குக் கொஞ்சம் கூடப் போட்டா என்ன அக்கா குத்தம்?"

"வாங்குத எடத்துல தெம்பு இல்லேன்னா, கூடக் குடுக்கது புகையாத்தான் போகும். அதுக்கு ரிங்கை மாத்து. என்கிட்ட வந்து மட்டத்தக் கெடுக்கச் சொல்லாத."

ஒரு பஸ் முதலாளி ஒருதடவை, "சேச்சி, நாலுக்கும் கொஞ்சம் கூட்டி வெச்சு தா" என்று கெஞ்சினார். போட்டி பஸ்ஸை முந்த வேண்டுமாம். "நாலுக்கும்னு கேட்டீரு, அது நியாயம். ஆனா கம்பெனி சொன்ன அளவுக்கு மேல நான் தரமாட்டேன்" என்று சொல்லி பம்பை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் போன பிறகு நான், "நல்ல கிராக்கியை விரட்டிட்டீங்களே" என்றேன். காதில் விழாத மாதிரி துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

பம்போடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் இதே கூத்துதான். ஓணத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வரும். அக்கா எண்ணெய் படாத புதுக் குழாய் ஒன்றைக் கழுவி வைத்திருப்பார், பாயசம் அளப்பதற்கென்றே. பையன்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். முந்திரிப்பருப்பு ஒற்றைப்படையாக வந்தால் ஒன்றைக் கடித்து இரண்டாக்குவார். சட்டை எடுத்தால் ஒரே துணியில் இரண்டு. மூத்தவனுக்கு அடி விழுந்தால் இளையவனுக்கும் ஒன்று விழும். "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று அவன் அலறினால், "இனிமே செய்வ" என்பார். நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அடி வாங்கியவர்களும் சிரித்துவிடுவார்கள். தாய்க்கு இரண்டு பிள்ளைகளில் ஒருவன்மேல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பார்களே, அது அந்த வீட்டில் நடக்கவே நடக்காது. நானும் எவ்வளவோ நாள் துப்பறிந்து பார்த்திருக்கிறேன்.

மூத்தவன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது முகம் வீங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கண் திறக்க முடியாது. பையன் ராத்திரி முழுக்க போன் நோண்டுகிறான் என்று முதலில் நினைத்தோம். பிறகு சோறு இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக என் டெம்போவைத்தான் கூப்பிட்டார் அக்கா. முன் சீட்டில் அவரும் மூத்தவனும், பின்னால் மல்லி மூட்டைமேல் இளையவன். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று சொன்னார்கள். தாய், தகப்பன் இரண்டு பேரிடமும் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்து பிள்ளைகளுக்கு இறங்குகிற நோயாம். அதனால் இளையவனையும் பரிசோதிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

இளையவனுக்கும் இருந்தது. இப்போதைக்கு ஓடும், சில வருஷங்களில் அவனுக்கும் நின்றுபோகும் என்றார்கள்.

அக்காவைச் சோதித்ததில் அவருடையது நல்ல ஆரோக்கியமாக இருந்தது. இரண்டு பையன்களுக்கும் பொருந்தவும் செய்தது. டாக்டர் மலையாளத்துக்காரர், நல்ல மனுஷர், நிதானமாக எடுத்துச் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, முகம் தெளிந்து, "எங்கிட்ட ரெண்டு இருக்குல்லா சாரே? ரெண்டு பேருக்கும் எடுத்துக்கிடுங்க. ஆளுக்கு ஒண்ணு" என்றார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உயிரோடு இருக்கிறவரிடமிருந்து ஒன்றைத்தான் எடுக்கலாம், இரண்டையும் எந்த டாக்டரும் எடுக்க மாட்டார் என்று மெதுவாகச் சொன்னார். அக்காவுக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னார். அக்காவுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கு அவருடைய கையைப் பார்த்தே தெரிந்தது. மடியில் கிடந்த இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூளைச்சாவு ஆனவர்களின் உறுப்புகளுக்கு சர்க்கார் ஒரு வரிசை வைத்திருக்கிறது. அதில் மூத்தவன் பெயரைச் சேர்த்தார்கள். வரிசை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை டயாலிசிஸ். அக்காவின் கணக்கு இதுதான்: மூத்தவனுக்கு வரிசையில் ஒன்று வந்துவிட்டால், தன்னுடையதை இளையவனுக்குக் கொடுக்கலாம். இப்போதே மூத்தவனுக்குக் கொடுத்துவிட்டால், நாளைக்கு இளையவன் கையை நீட்டும்போது வெறும் கையைக் காட்ட வேண்டும். யோசித்துப் பார்த்தால் அது பைத்தியக்காரத்தனமான கணக்கு இல்லை. ஆனால் மூத்தவன் என் கண் முன்னால் கறுத்துக்கொண்டே வந்தான். தண்ணீர் குடிக்கக்கூட அளவு. தாகமெடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்வான். எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் பம்பு ரூமில் வைத்தே கேட்டுவிட்டேன். அக்கா யாருடைய பம்பையோ மாட்டிச் சுற்றவிட்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. இந்தப் பம்பு நாலு பேருக்கும் ஒரே நேரத்துலயா குடுக்குது? ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுன்னு முறை வெச்சுல்லா குடுக்குது. யாருக்கு முறை வந்திருக்கோ அவனுக்கு அடிக்குது. அடுத்தவனுக்கு வேணுமேன்னு பிடிச்சு வெச்சா வண்டி ஓடுமா? மூத்தவனுக்கு முறை வந்தாச்சு அக்கா. குடுத்திருங்க."

அவர் மோட்டாரை நிறுத்தினார். குழாய்களில் நுரை அடங்கியது. குனிந்து பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை.

"பம்புக்குப் பின்னால டாங்கி இருக்கு தம்பி. ஒரு அடி அடிச்சு முடியுததுக்குள்ள அடுத்த அடிக்கு டீசல் வந்து நெறஞ்சிரும். எனக்குப் பின்னால என்ன இருக்கு?"

எத்தனையோ பேரிடம் வாயடித்து ஜெயித்தவன் நான், டெம்போ சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூத்தவன் அதைப் பற்றி ஒரே ஒருதடவைதான் என்னிடம் பேசினான். டயாலிசிஸ் முடிந்து டெம்போவில் வந்துகொண்டிருந்தோம். "அண்ணாச்சி, அம்மையிட்ட நீங்க சண்டை போட வேண்டா. எனக்கு வரிசை உண்டு. அவனுக்கு வரிசையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மைக்குள்ளது அவனுக்கு இருக்கட்டும்" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "சின்னப் பிள்ளைல அவன் எத்தனை அடி எனக்காக வாங்கியிருக்கான்" என்றான். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஜூன் மாசத்து இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த சமயம், அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. டாக்டர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். வரிசை வரவில்லை. பையன் போய்விட்டான்.

அக்கா அழவில்லை. பதினாறு முடிந்ததும் ஷட்டரைத் தூக்கினார். பம்புகள் வந்தன. குனிந்து பார்த்தார், சீல் அடித்தார். இன்னொன்றும் மாறவில்லை. டீ ஊற்றும்போது பையன்களுக்கு இரண்டு தம்ளர் வைப்பார். இரண்டிலும் ஊற்றி, குனிந்து மட்டம் பார்ப்பார். இளையவன் தன்னுடையதை எடுத்துக்கொள்வான். மற்றது மேஜையிலேயே ஆடைகட்டிக் கிடக்கும். சாயங்காலம் அக்கா அதைக் கொண்டுபோய் வாசல் கொய்யா மரத்தடியில் ஊற்றுவார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. டீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

சொன்ன மாதிரியே இளையவனுக்கும் நின்றுபோனது. எதிர்பார்த்ததற்குக் கொஞ்சம் முந்தியே. அக்கா அன்றைக்கே டாக்டரிடம் போய், "எனக்குள்ளத எடுங்க" என்றார். எல்லாம் சுலபமாக முடிந்துவிடும் என்று நான்கூட நினைத்தேன்.

இளையவன் முடியாது என்றுவிட்டான்.

"அண்ணனுக்குக் குடுக்காத்தது எனக்கு வேண்டா" என்றான். அவ்வளவுதான். நான் மிரட்டினேன், கெஞ்சினேன், "உங்க அண்ணனே எங்கிட்ட சொன்னான்டா, உனக்குத்தான்னு" என்று சத்தியம் பண்ணினேன். "அவன் சொல்லுவான். அவன் அப்படித்தான். பின்னே நான் அத வாங்கினா நான் யாரு?" என்றான். தன் பெயரையும் வரிசையில் சேர்க்கச் சொன்னான். அண்ணன் எங்கே நின்றானோ அங்கேயே போய் நிற்கிறேன் என்பது அவனுடைய பிடிவாதம். அக்கா அவனோடு வாதாடவில்லை. எப்படி வாதாடுவார்? முந்திரிப்பருப்பைக் கடித்து இரண்டாக்கிக் கொடுத்த கை அல்லவா?

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆள் இளைத்துக்கொண்டே போனார். அடிக்கடி தண்ணீர் குடித்தார். மகனுக்குத் தண்ணீர் அளவு என்பதால் அவன் முன்னால் குடிக்க மாட்டார். உள்ளே போய்ச் செம்பைக் கவிழ்த்துக்கொள்வார். தாகம்தானே என்று நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஒருநாள் நான் என் பம்பைக் கொண்டுபோயிருந்தேன். இளையவன் டயாலிசிஸ் முடிந்து வந்து, மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அக்கா டீ ஊற்றினார். அவனுக்குக் குறைத்துத்தான் ஊற்றுவார், டாக்டர் சொன்ன அளவு. அதே குறைந்த அளவுதான் மூத்தவன் தம்ளரிலும். குனிந்தார். கன்னத்தை மேஜையில் வைத்தார். மட்டம் சரியாக இருந்தது. ஆனால் தலையைத் தூக்கவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. "அக்கா?" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். மூத்தவனின் தம்ளரை எடுத்தார். இளையவனின் தம்ளரில் அப்படியே கவிழ்த்தார். இரண்டும் சேர்ந்தும் தம்ளர் நிறையவில்லை. தூக்குவாளியைத் தூக்கி அதில் இருந்த மிச்சத்தையும் ஊற்றினார். டீ வழிந்து மேஜையில் ஓடி, ஸ்பானர்களுக்கு அடியில் புகுந்து, தரையில் சொட்டியது. அந்த மேஜையில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால்கூடத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். அன்றைக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

"மக்ளே," என்றார். "சமம் பாத்தது போதும். எனக்கு மதியாச்சு. அவனுக்குள்ளதும் இனி ஒனக்குத்தான். அவனுக்குக் குடுக்காம வெச்சிருந்தது தப்புன்னா அது எனக்க தப்பு. அத நீ சுமக்கண்டாம். வாங்கிக்கிடு."

இளையவன் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தான். வழிகிற தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். குடிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒரு வாய் குடித்தான். "செரிம்மா" என்றான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து டெம்போ கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். ரோட்டில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காவுக்கு மறுபடியும் எல்லாப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்றார்கள். முடிவு வந்ததும் அதே டாக்டர்தான் கூப்பிட்டார். இந்தத் தடவை எடுத்தவுடனேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அக்காவுக்குச் சர்க்கரை. நிறைய. அது சிறுநீரகத்தையும் தொட்டிருந்தது. இனி அதில் ஒன்றை எடுத்தால் மகனுக்கும் உதவாது, அக்காவும் தாங்க மாட்டார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். இளையவன் அவர் தோளில் சாய்ந்துகொண்டான். பிறகு என்னைப் பார்த்து, "கடைசில ரெண்டு பேருக்கும் சமமாப் போச்சு, பாத்தியா தம்பி" என்றார். யாருடைய பம்பைப் பற்றியோ சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

பாவி தெய்வத்துக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு ஒருநாள் காலையில், நான் ஆரியசாலை மண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. வரிசை வந்துவிட்டது, உடனே கிளம்பி வரச் சொல்கிறார்கள் என்றார். மூட்டையைப் பாதியில் இறக்கிப் போட்டுவிட்டுப் பறந்தேன். ரோட்டில் விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு ஆன யாரோ ஒரு பையன். பெயர், ஊர் எதுவும் சொல்ல மாட்டார்கள். இளையவனை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

அக்கா ஒரு நர்ஸைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும்.

"மோளே, அந்தப் பையனுக்க அம்மைக்கு வேற பிள்ள உண்டா?"

"அதொண்ணும் ஞங்களுக்குத் தெரியாது அம்மா. சொல்லவும் கூடாது."

"செரி. ஒண்ணத்தான் இவனுக்கு வைக்கீங்க. மத்தது?"

"அது வேற ஒரு ஆளுக்கு. அவங்களும் இப்போ உள்ளே உண்டு. ரெண்டு பேருக்கும் இன்னைக்கே."

நர்ஸ் போய்விட்டாள். அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆளுக்கு ஒண்ணு" என்றார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, "என்ன அக்கா?" என்றேன். "செத்தவனால குடுக்க முடியுது பாரு தம்பி. ஆளுக்கு ஒண்ணு." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். மூத்தவன் போனதிலிருந்து அழாத மனுஷி, அந்த வராந்தாவில் உட்கார்ந்து அப்படி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இளையவன் பிழைத்துக்கொண்டான். இப்போது கிள்ளிப்பாலத்தில் ஒரு டயர் கடையில் கணக்கெழுதுகிறான். அக்கா அதன் பிறகு சில வருஷம் இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "நான் போனா எனக்குள்ளது ரெண்டையும் எடுத்து ரெண்டு பேருக்குக் குடுத்திரணும், கேட்டியா" என்று சொல்லிவைப்பார். "அக்கா, சர்க்கரை தின்னது போக அதுல என்ன மிச்சம் இருக்கு?" என்று நானும் என் பழக்கத்தில் எதையாவது சொல்லிவைப்பேன். ஒரு மத்தியானம், பம்பு ரூமில் குழாய்க்கு முன்னால் குனிந்தபடியே போய்விட்டார். குழாய்களில் நுரை அடங்கி, எண்ணெய் அப்படியே நின்றிருக்கிறது. இளையவன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டான். எடுக்க முடியாது என்று பக்குவமாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்து நின்றோம். இளையவன் என் கையைப் பிடித்தான்.

"அம்மைக்க ரெண்டும் அம்மையோடேயே போச்சு, அண்ணாச்சி" என்றான்.